விரல் நுனி அளவு வலி

மருத்துவர் என் இடது காலின் முன் எலும்பை முட்டிக்குக் கீழிருந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒவ்வோர் இடத்திலும் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பின் உள்விளிம்பில் விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவர் விரலை இரண்டு அங்குலம் கீழே தள்ளி அழுத்தினார். வலி இல்லை. திரும்ப மேலே வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"ஒரு வாரமா, டாக்டர்."

மனதறிந்து சொன்ன பொய் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து ஓட்டக் குறிப்பு நோட்டைப் புரட்டியபோது, அந்த இடத்தைப் பற்றி முதன்முதலில் எழுதியது 24 நாட்களுக்கு முன்பு என்று தெரிந்தது. "இடது கால் முன்பக்கம் லேசாகப் பிடிப்பு. ஓட ஓட சரியாகிவிட்டது." அடுத்த வாரம், "முதல் 2 கிலோமீட்டர் வலி, அப்புறம் இல்லை." அதற்கடுத்த வாரம், "ஓடி முடித்த பிறகும் வலி." கடைசியாக, "மாடிப்படி இறங்கும்போதும் வலி." நான்கு வரிகளும் என் கையெழுத்தில், ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. எழுதியதோடு சரி, ஒருமுறைகூடத் திரும்பிப் படிக்கவில்லை.

பொழுதுபோக்காக ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பாலானவை கீழே விழுந்து வருபவை இல்லை. உடம்பு தாங்குவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் கேட்டு, வாரக்கணக்கில் சேர்ந்து வருபவை. அதனால் முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் வரும். அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொள்ள எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. இன்னொருவருக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஓட ஆரம்பித்தது 36 வயதில். முதல் ஒரு வருடம் வாரத்துக்கு 15, 16 கிலோமீட்டர். ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஓர் அரை மராத்தானுக்கு (21 கிலோமீட்டர் ஓட்டம்) பெயர் கொடுத்தேன். பத்து வாரம் கையில் இருந்தது. 16 கிலோமீட்டரை 22 ஆக்கினேன், 27 ஆக்கினேன், 34 ஆக்கினேன். அதே மாதத்தில் மண் பாதையை விட்டு சிமென்ட் சாலைக்கு மாறினேன், புது ஷூ வாங்கினேன், வேகப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டேன். இதில் எதையும் தனியாகச் செய்திருந்தால் கால் தாங்கியிருக்கலாம். நான்கையும் ஒன்றாக அதன் தலையில் ஏற்றினேன்.

எலும்பு உயிருள்ளது. பளு பட்டால் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு அந்த இடத்தில் புதிதாக, இன்னும் உறுதியாகக் கட்டிக்கொள்ளும். கரைக்கிற வேலை சீக்கிரம் முடிந்துவிடும். கட்டுகிற வேலை மெதுவாகத்தான் நடக்கும். இடைப்பட்ட சில வாரங்கள் எலும்பு முன்பிருந்ததைவிட வலு குறைந்து நிற்கிறது. மூச்சு வாங்குவது குறைந்து, தசை பழகி, "இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம்" என்று நமக்குத் தோன்றுவதும் சரியாக அந்த வாரங்களில்தான். நுரையீரலும் இதயமும் வாரக்கணக்கில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கு வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஒரே நிம்மதி. "ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாதும்மா, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துடலாம்" என்றார் மருத்துவர். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்துவிட்டது. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது அடுத்தடுத்த பளுவால் எலும்பில் விழும் நுண்விரிசல். ஏழு வாரம் ஓடக்கூடாது. அரை மராத்தான் போனது.

ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்று ஓட்டக்காரர்கள் சொல்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் வலி எலும்பின் உள்விளிம்பு நெடுக, ஐந்து சென்டிமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குப் பரவி இருக்கும். உடம்பு சூடானதும் பெரும்பாலும் தணியும். விரிசல் வலியை ஒரே விரல் நுனியால் தொட்டுக் காட்டிவிடலாம். ஓட ஓடக் கூடும். முற்றிய பிறகு நடக்கும்போதும், படுத்திருக்கும்போதும்கூட வலிக்கும். அந்தக் காலில் மட்டும் நின்று ஒரு தடவை குதித்தால் சுருக்கென்று குத்தும். முதல் வகைக்கு ஓட்டத்தைக் குறைத்தால் போதும், பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டாவது என்று சந்தேகம் வந்தாலே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இன்னும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: ஓடும்போது தொடை இடுக்கில் ஆழமான வலி வந்தால் ஒருநாள்கூடப் பொறுத்துப் பார்க்காதீர்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விட்டிருந்தால் அது முழுதாக முறிய வாய்ப்பு உண்டு. முறிந்தால் அறுவை சிகிச்சைதான்.

மருத்துவர் கடைசியாகக் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "மாதவிடாய் ஒழுங்கா வருதாம்மா?" இரண்டு மாதமாகத் தள்ளிப் போயிருந்தது. அலைச்சல் என்று நினைத்திருந்தேன். ஓட்டத்தைக் கூட்டிவிட்டு அதற்குத் தகுந்த அளவு சாப்பிடாமல் இருந்தால், உடம்பு மிச்சம் பிடிக்க ஆரம்பிக்கும். முதலில் கை வைப்பது மாதவிடாயிலும் எலும்பிலும்தான் என்று விளக்கினார். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்து எச்சரிக்கை விடுத்தது. ஆண்களுக்கும் இது வரும். மாதவிடாய் போல வெளிப்படையான அடையாளம் இல்லாததால் தெரிய நாளாகும். எடை குறைக்க ஓட ஆரம்பித்த தோழிகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஓடுகிற நாளில் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

ஏழு வாரம் கழித்து, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். தொடர்ந்து 20 நிமிடம் ஓட மேலும் ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் ஓட்டத்தைப் பற்றிக் கற்றது அதற்கு முந்தைய ஒரு வருடத்தைவிட அதிகம்.

தூரத்தை எப்படிக் கூட்டுவது? வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற பழைய விதியை எல்லோரும் சொல்வார்கள். 2008-இல் நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். விதிப்படி மெதுவாகக் கூட்டிய குழுவுக்கும் மற்ற குழுவுக்கும் காயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2025-இல் 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த டென்மார்க் ஆய்வு வேறு ஓர் இடத்தைக் காட்டியது. வார மொத்தத்தைவிட, ஒரே ஓட்டத்தின் நீளம்தான் முக்கியம். கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் ஓடியவர்களுக்குக் காயம் அதிகமாக வந்தது. என் நோட்டும் அதையேதான் சொல்கிறது. முதல் குறிப்பு எழுதிய நாளுக்கு முந்தின ஞாயிறு, அதுவரை 9 கிலோமீட்டரைத் தாண்டாதவள் 14 ஓடியிருக்கிறேன். கூட வந்தவர்கள் ஓடினார்கள், நானும் ஓடினேன். இப்போது குழுவாக ஓடும் நாட்களில் எனக்கான தூரம் முடிந்ததும் சொல்லிக்கொண்டு திரும்பிவிடுகிறேன்.

சரி, எந்த வலியோடு ஓடலாம், எதோடு ஓடக்கூடாது? பிசியோதெரபிஸ்ட் பெண் எனக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தாள். "அக்கா, பத்துக்கு எவ்வளவுன்னு மார்க் போடுங்க. ஓடும்போது மூணு வரைக்கும் பரவாயில்ல. மறுநாள் காலையில எந்திரிக்கும்போது அது முந்தின நாள் அளவுக்கே இருக்கணும். நடை கோணலாச்சுன்னா மார்க் எவ்வளவா இருந்தாலும் நிறுத்திடுங்க." மூன்றாவது விதிதான் பெரியது. வலியை மறைக்க நடையை மாற்றினால், அந்த வலி இன்னோர் இடத்தில் போய் உட்காரும். எலும்பு வலிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதற்கு மார்க் பூஜ்யம்தான் இருக்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து வலது குதிகால் தசைநார் தகராறு செய்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் குதிகாலுக்குச் சற்று மேலே இறுகிப் பிடிக்கும். பத்து அடி நடந்தால் இளகும். (முதல் அடி வலி பாதத்தின் அடியில், குதிகாலை ஒட்டி இருந்தால் அது வேறு, உள்ளங்காலின் பட்டை போன்ற திசுவில் வருவது.) இந்தமுறை நோட்டைப் படித்தேன். மூன்றாவது நாளே பிசியோதெரபிஸ்டிடம் போய் நின்றேன்.

முழு ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்று எதிர்பார்த்துப் போனேன். அவள் என்னைப் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நிற்கவைத்தாள். இரண்டு காலாலும் எழும்பி, நல்ல காலை எடுத்துவிட்டு, வலிக்கிற கால் ஒன்றால் மட்டும் குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்கச் சொன்னாள். முட்டியை நேராக வைத்து 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி வைத்து மூன்று சுற்று. காலை, மாலை. ஒரு நாளைக்கு 180 தடவை, 12 வாரம்.

இந்தப் பயிற்சியின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கே குதிகால் தசைநார் வலி இருந்தது. அறுவை சிகிச்சை கேட்டார், மேலதிகாரி மறுத்துவிட்டார். தசைநார் அறுந்தால் செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்க இப்படிக் குதிகாலை இறக்கிப் பளு கொடுத்தார். தசைநார் அறுவதற்குப் பதிலாக வலி போய்விட்டது. 1998-இல் 15 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களை வைத்து ஆய்வாக வெளியிட்டார். 12 வாரத்தில் 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். தசைநாருக்கு ஓய்வைவிட அளவான பளுதான் மருந்து என்ற எண்ணம் பரவ அது பெரிய காரணம். இன்று வாரத்துக்கு மூன்று நாள் எடை தூக்கிச் செய்யும் முறைகளும் வந்துவிட்டன, அவையும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஒரு கவனம் வேண்டும்: வலி தசைநாரின் நடுவில் இல்லாமல் குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் இருந்தால் படிக்குக் கீழே இறக்காதீர்கள், சமதரையிலேயே செய்யுங்கள்.

எனக்கு ஐந்தாவது வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. எட்டாவது வாரத்தில் ஒருநாள் கட்டிலிலிருந்து இறங்கிப் பாதி தூரம் போன பிறகுதான் பிடிப்பு இல்லை என்று உறைத்தது. 12 வாரம் முடிந்த பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் குதிகால் ஏற்ற இறக்கமும், உட்கார்ந்து எழும் பயிற்சியும், இடுப்புப் பக்கத் தசைக்கான பயிற்சியும் செய்கிறேன். ஓட்டக்காரர்களுக்குத் தசைப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் ஆறு மாதம் செய்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

ஐஸ் வைப்பதைப் பற்றிக் கேட்பார்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-இல் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே 2014-இல் ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். வலி அடங்க முதல் சில மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் கூடவே கூடாது. இப்யூப்ரோஃபென் வகை மாத்திரைகள் உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். போதாததற்கு, நான் மேலே சொன்ன மார்க் கணக்கையும் கெடுத்துவிடும்.

முட்டி வலியை நான் அதிகம் அனுபவிக்கவில்லை. முட்டிச் சில்லைச் சுற்றி, படி இறங்கும்போதும் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் வலித்தால் ஒரு வகை. முட்டியின் வெளிப்பக்கம், ஒரு குறிப்பிட்ட தூரம் ஓடியதும் மணி அடித்தாற்போலத் தொடங்கினால் இன்னொரு வகை. என் கணவருக்கு முதல் வகை. அவருக்கு உதவியது அடியைச் சுருக்கியது. அதே வேகத்தில், நிமிடத்துக்கு எடுக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முட்டியில் விழும் பளு குறைகிறது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. நிமிடத்துக்கு 180 அடிதான் சரி என்று ஓட்டக்காரர்கள் பரவலாகச் சொல்லும் எண்ணை எல்லோர் மீதும் திணிக்க வேண்டியதில்லை. அவர் 158-லிருந்து 168-க்கு வந்தார், போதுமானதாக இருந்தது.

இனி ஷூ. என் முதல் காயத்துக்கு ஷூதான் காரணம் என்று வெகுநாள் நம்பினேன். கடையில் என்னை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, பாதம் உள்பக்கம் சாய்கிறது, அதைத் தடுக்கும் ஷூதான் வேண்டும் என்றார்கள். கெட்டியாக இருந்தது, வாங்கிவிட்டேன். பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ கொடுப்பதை அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரைன் படை மூன்றிலும் ஆயிரக்கணக்கான பயிற்சி வீரர்களை வைத்துச் சோதித்தார்கள். வளைவுக்கு ஏற்ற ஷூ கொடுத்தவர்களுக்கும், எல்லோருக்கும் ஒரே ஷூ கொடுத்த குழுவுக்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் நான் இப்போது பார்ப்பது ஒன்றே ஒன்று: போட்டு ஓடிப் பார்த்தால் காலுக்கு இதமாக இருக்கிறதா? கடைக்காரரின் கணினித் திரையைவிட உங்கள் கால் சொல்வது நம்பகமானது.

அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சாயங்காலம் போங்கள், பகல் முழுதும் நடந்த கால் கொஞ்சம் பருத்திருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் ஆகும். ஓட்ட சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். உட்கார்ந்து பார்க்காமல், நின்று பார்க்க வேண்டும். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இரண்டு காலில் எது பெரிதோ அதற்குத் தகுந்த அளவை வாங்குங்கள். நான் மற்ற செருப்பு அளவைவிட ஓர் அளவு பெரிது எடுத்த பிறகு நகம் கறுப்பது நின்றேபோனது. குதிகால் வழுகினால், மேலே கடைசியில் தனியாக ஒரு துளை இருக்கிறதே, அதில் கயிற்றை அதே பக்கத்திலேயே ஒரு வளையமாகக் கோத்து, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்குங்கள். அந்தத் துளை இருப்பதே அதற்குத்தான்.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 10-லிருந்து திடீரென்று 4-க்கோ பூஜ்யத்துக்கோ மாறினால் ஆடுசதையும் குதிகால் தசைநாரும் கூடுதல் வேலை செய்ய வேண்டும். என் வலது குதிகாலில் வலி வந்தது அப்படி ஒரு மாற்றத்துக்கு மூன்று வாரம் கழித்துத்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அபெபே பிகிலா வெறுங்காலோடு மராத்தான் வென்றார் என்பது உண்மை. அவர் கால் அதற்குப் பழகியிருந்தது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், வெறுங்கால் போன்ற மெல்லிய ஷூவுக்கு பத்தே வாரத்தில் மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பில் நீர்கோத்தல் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. வேகமாக ஓடுவதற்கென்று அடிப்பாகத்தில் கார்பன் தகடு வைத்த ஷூவைப் போட்டி நாளுக்கும் சில வேகப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், தினப்படிக்கு வேண்டாம்.

ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரும். அடிப்பாகத் தேய்மானம் கண்ணில் படுவதற்கு முன்பே நடுவில் உள்ள நுரை செத்துப்போகும். பக்கவாட்டில் பாருங்கள், நுரையில் குறுக்காகச் சுருக்கங்கள் விழுந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் திரும்பி எழாது. நான் ஷூ நாக்கின் உள்பக்கம் வாங்கிய தேதியை எழுதிவிடுகிறேன். இரண்டு வேறு மாடல்களை மாற்றி மாற்றிப் போடுவது, என் கருத்தில், காசு கொடுத்து வாங்கக்கூடிய மிகச் சிறந்த பாதுகாப்பு. லக்சம்பர்க்கில் 264 பேரை 22 வாரம் கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பல ஜோடி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயத்தின் அபாயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது. பளு விழும் இடம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருப்பது காரணமாக இருக்கலாம்.

பெண்களுக்கு ஷூவுக்கு அடுத்தது ஸ்போர்ட்ஸ் பிராதான். கடையில் போட்டுப் பார்க்கும்போது அதே இடத்தில் குதித்துப் பாருங்கள். கீழ்ப்பட்டைக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும்; தாங்குவதில் பெரும்பங்கு அந்தப் பட்டையுடையது, தோள்பட்டை நாடாவுடையது இல்லை. துவைக்கத் துவைக்க இழுவை போய்விடும். பட்டை மேலே ஏற ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள். அக்குளிலும், பட்டையின் கீழேயும், தொடைகளுக்கு நடுவிலும் கிளம்புவதற்கு முன்பு வாஸ்லின் தடவினால் உராய்வுப் புண் வராது. பருத்தி சாக்ஸ் வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளம் உண்டாக்கும்.

தண்ணீர் விஷயத்தில் தாகத்தைக் கேளுங்கள். 2002 பாஸ்டன் மராத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது தேவைக்கு மேல் குடித்து எடை கூடியவர்களுக்குத்தான் அது அதிகம் வந்தது.

கைக்கடிகாரம் நல்ல கருவிதான், எவ்வளவு ஓடினோம் என்று சொல்லும். எங்கே வலித்தது என்பதை நாம்தான் எழுத வேண்டும். என் நோட்டில் இப்போது ஒரு நாளைக்கு மூன்று எண்கள்: தூரம், ஓடும்போது வலி, மறுநாள் காலை வலி. ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த வாரத்தை மேலிருந்து கீழே ஒருமுறை படிக்கிறேன். ஒரே இடம் இரண்டு தடவை வந்திருந்தால் அடுத்த வாரத் தூரத்தைப் பாதியாக்கிவிடுகிறேன். போன மாதம் இடது உள்ளங்கால் அப்படி இரண்டு தடவை வந்தது. 28 கிலோமீட்டர் போட்டிருந்த இடத்தில் அடித்துவிட்டு 14 என்று எழுதினேன். அடுத்த ஞாயிறு படித்தபோது வலிக்கான இடங்களில் பூஜ்யங்கள் மட்டும் இருந்தன.